முதல் ‘வேண்டாம்’

படகு விற்கும் ஆர்லன் இரண்டு பழைய பான்டூன் படகுகளைத் தன் கொட்டகைக்கு வெளியே அருகருகே நிறுத்தி வைத்திருந்தான். சோபா, கூரைத்துணி, சுற்றிலும் கம்பி வேலி என்று இரண்டுமே மிதக்கும் வரவேற்பறைகள்தான். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். நீலப் படகு கிழடு, ஆமை வேகம். ஆனால் முன்கதவு அகலம். சக்கர நாற்காலியை அப்படியே உள்ளே உருட்டிவிடலாம். சிவப்புப் படகில் பின்பக்கம் சறுக்குமரம், சீறிப் பாயும் எஞ்சின். அதன் கதவில் நானே ஒருக்களித்துத்தான் நுழைந்தேன்.

சக்கர நாற்காலி என் அண்ணன் வெர்லினுடையது. போன வருஷம் மார்ச்சில் என் வீட்டுக் கூரையில் பனி தள்ள ஏறியவன் வழுக்கி விழுந்தான். என் கூரை, என் பனி. நான் அன்றைக்கு ஏரிப் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“வீட்டுல பேசிட்டுச் சொல்லுப்பா, ஒண்ணும் அவசரமில்ல,” என்றான் ஆர்லன்.

அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, படகு வாங்கறோம். நீயும் வருவல்ல?”

“எனக்கெதுக்குடா? என்னைத் தூக்கிச் சுமக்கவா? புள்ளைங்களுக்குப் புடிச்சதா வாங்கு.”

“சரிண்ணே,” என்று வைத்துவிட்டேன்.

எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. இரண்டாவது, நாம் மனதாரத்தான் கேட்கிறோமா என்று பார்க்க. மூன்றாவது தடவை கேட்டால்தான் நிஜமான பதில் வரும். ஒரு வாய்க் காப்பிக்கே இங்கே இதுதான் முறை. தெரிந்தேதான் ஒரு தடவையோடு நிறுத்தினேன். பேரப்பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அந்த வேகத்துக்கு ஆசைப்பட்டது நான்.

சாயங்காலம் பாத்திரம் துடைத்தபடி என் மனைவி மார்லிஸ் கேட்டாள்.

“உங்கண்ணனை எத்தன தடவ கேட்ட?”

“மூணு.”

“மூணு தடவயும் வேண்டாம்னாரா?”

“ஆமா.”

முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவளிடம் சொன்ன பொய்கள் எல்லாம் சில்லறை. இது சில்லறை இல்லை. அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை முதல் ஞாயிறு சிவப்புப் படகை ஏரியில் இறக்கினோம். பேரப்பிள்ளைகள் சறுக்கி விழுந்து கூத்தடித்தார்கள். வெர்லின் வீடு எதிர்க்கரையில். “அவரை ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்,” என்றாள் மார்லிஸ். வேறு வழியில்லாமல் படகைத் திருப்பினேன்.

அவன் படகுத்துறைப் பலகையின் நுனிவரை நாற்காலியை உருட்டி வந்திருந்தான். சட்டைக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவை அங்கி. புத்தம் புதிது, கடை அட்டைகூட இன்னும் தொங்கியது. மார்லிஸ் அந்த அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னை.

“நல்ல செவப்புடா,” என்றான் வெர்லின். அவன் கண் கதவின் மேல் ஒரு கணம் நின்று நகர்ந்தது.

“வரியாண்ணே?”

“வேணாம்டா. சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்.”

அது இரண்டாவது. இன்னொரு தடவை கேட்டால் சரி என்றுவிடுவான். எந்த வழியாக அவனை ஏற்றுவேன்? எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வெர்லின் எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே, அங்கியின் கொக்கிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.