எட்டாம் நாள் மாத்திரை

மைக்கைப் பிடித்தால் என் புருஷன் ஞானதாசுக்குக் குரல் மாறிவிடும். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கிற குரல் வேறு, சபையில் ஸ்தோத்திரம் சொல்கிற குரல் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையில் நின்று, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லேபில் எடுத்த என் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். தகரக் கூரைக்குக் கீழே அறுபது பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த தூரத்தில் ஒரு எழுத்தும் தெரிந்திருக்காது. "எல்லாம் நார்மல்னு போட்டுக்கீறான். என் சம்சாரத்துக்கு இனிமே கேன்சர் இல்ல" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாளில் கேன்சரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. மார்பில் வந்த கட்டி முதுகெலும்புக்கும் போய்விட்டது என்று தெரிந்த அன்றைக்கே டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் அதற்கு ஒரு நொதி உத்தரவு கொடுக்க வேண்டுமாம். இந்த நோயில் அந்த நொதி நிறுத்தாமல் உத்தரவு கொடுத்துக்கொண்டே இருக்குமாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. இருபது வருஷம் நடவு ஆட்களுக்குத் தலைவியாக இருந்தவள் நான். நான் 'இறங்குங்கடி' என்று சொல்லாமல் ஒருத்தியும் சேற்றில் கால் வைக்க மாட்டாள். வயல் நிரம்பிய பிறகும் பகலும் இரவும் 'இறங்கு, இறங்கு' என்று ஒருத்தி கத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அந்த வாயைப் பொத்துவதுதான் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை. ஆனால் அதற்கு நல்லது கெட்டது தெரியாது, ரத்தம் ஊறுகிற இடத்திலும் வாயைப் பொத்திவிடும். அதனால் இருபத்தொரு நாள் போட்டு ஏழு நாள் விட வேண்டும். அந்த ஏழு நாளில் ரத்தம் தேறும். தேறியதா என்று பரிசோதித்துவிட்டு எட்டாம் நாள் மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அதுவும் சாப்பாட்டோடு. நாற்று நட்டவளுக்குப் புரிந்தது. பத்தாவது வரை படித்து, பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்கில் வால்வு திறக்கிறவருக்குப் புரியவில்லை.

அவருக்கு மண்டையில் ஏறியது இருபத்தொன்று என்ற எண் மட்டும்தான். வேதத்திலும் இருபத்தொரு நாள் உபவாசம் இருக்கிறதாம், டாக்டர் சீட்டிலும் இருபத்தொன்று இருக்கிறதாம், இது அடையாளமாம். பாஸ்டரும் தலையாட்டினார். மூன்றாவது சுற்று மாத்திரையை நான் ஆரம்பித்த அன்று என் புருஷன் உபவாசத்தை ஆரம்பித்தார். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை வெறும் தண்ணீர். விளக்கு வைத்ததும் சோறு, கருவாட்டுக் குழம்பு, மூன்று முட்டை. எனக்காகப் பட்டினி கிடந்தவருக்கு, வாயெல்லாம் புண்ணாக, குமட்டலோடு அடுப்படியில் நின்று நான்தான் ஆக்கிப் போட்டேன். இருபத்தொரு நாளில் அவர் இடுப்பில் ஒரு சுற்றும் குறையவில்லை.

பிறகு மாத்திரை இல்லாத ஏழு நாள் வந்தது. வாய்ப்புண் ஆறியது. காலில் தெம்பு வந்து தெருக் குழாய்வரை குடத்தோடு நடந்தேன். நோய் போய்விட்டது என்று இவர் முடிவே கட்டிவிட்டார். "ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்றோம் செவ்வந்தி" என்றபோது நான் மறுக்கவில்லை. எனக்குத் தெரியாதா, அது மாத்திரை விட்ட தெம்பு என்று? தெரிந்தும், ஒருவேளை நிஜமாக இருந்தால் என்று நாக்கு ஊறியது. அவரை விட என்னைத்தான் நான் கேவலமாக நினைக்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எதிலிருந்து விடுதலை கிடைத்ததோ அதைக் காணிக்கை மேஜையில் வைக்க வேண்டும். குடியை விட்ட வசந்த்குமார் பாட்டிலை வைத்தான். முட்டிவலி போன முனியன் கைத்தடியை வைத்துவிட்டு, திங்கட்கிழமை விடிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எடுத்துப் போனார். அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அன்றிலிருந்து மேஜையில் வைப்பதைப் பாஸ்டர் ஜெபம் முடிந்த கையோடு பின்னால் கொண்டுபோய்க் கொளுத்திவிடுகிறார். அந்த மேஜையில், பூசணிக்காய்க்கும் முட்டைத் தட்டுக்கும் நடுவில், ஞானதாசு தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தது என் மாத்திரை டப்பா. முந்தின நாள் வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். அன்றைக்கு எட்டாம் நாள்.

நான் எழுந்தேன். முழங்கால் போடப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பாஸ்டர் என் தலையில் கை வைக்க வந்தார். குனிந்து விலகி, டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வந்தேன். முதுகில் அறுபது பேரின் பார்வை இருந்தது. முனியனும் அதில் இருந்தார்.

பின்னால் விருந்துக்குப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. கல்பனா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். முப்பத்தைந்து வயசு, சபை விருந்தெல்லாம் அவள் கைச்சமையல்தான். அன்று இடது கையால் கிளறிக்கொண்டிருந்தாள். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தாள். ஒரு கரண்டி சோறு போடச் சொன்னேன். ஜெபம் முடியவில்லையே என்று தயங்கினாள். மாத்திரை போட வேண்டும் என்றதும் தட்டை எடுத்தாள். நாலு வாய் சாப்பிட்டேன். அட்டையைக் கிழித்து ஒன்றை எடுத்து விழுங்கினேன்.

அப்போது ஸ்பீக்கரில் ஞானதாசு தொண்டையைச் செருமினார். "அது ஒண்ணுமில்ல. சத்து மாத்திர. தெம்புக்குப் போட்டுக்கினு கீது." அறுபது பேரும் ஆமென் என்றார்கள். பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியாத மனுஷன். உள்ளே போய் மைக்கைப் பிடுங்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எதற்கு? மாத்திரை உள்ளே போயாயிற்று, எனக்கு அது போதும் என்று கையைக் கழுவப் போனேன்.

"யக்கா" என்றாள் கல்பனா. "அது நெசமாலும் சத்து மாத்திரதானா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் தனக்காகவும் ஜெபிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிப் போட்டிருந்தாள். எதற்கென்று எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"இல்ல" என்றேன். "கேன்சர் மாத்திர. அந்த ஆளு பொய் சொல்றாரு. எனக்கு இன்னும் கீது."

கல்பனா கரண்டியை அண்டாவின் விளிம்பில் வைத்தாள். என் ஈரக் கையைப் பிடித்து, தன் வலது அக்குளுக்குக் கீழே, ரவிக்கையின் மேல் வைத்து அழுத்தினாள். புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று, நகராமல் என் விரலில் தட்டுப்பட்டது.

"எத்தினி நாளா?"

"பொங்கல்லேர்ந்து."

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஞானதாசின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அண்டாவில் சோறு அடிப்பிடிக்கிற வாசனை எழுந்தது. நான் கையை எடுக்கவில்லை, அவளும் கரண்டியைத் தொடவில்லை.