தண்ணி சரியில்ல

அடுப்பை அணைத்துவிட்டு, சாதியா பாத்திரத்தின் மேல் குனிந்து நின்றாள். குமிழிகள் ஓய வேண்டும். நேராக எழும்பும் ஆவி சோம்பலாக வளையத் தொடங்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் வெள்ளைத் தேயிலை வெந்து செத்துவிடும் என்பார் வாப்பா. இதில் மட்டும் அவசரம் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அவர் நாலு எட்டு தள்ளிக் கட்டிலில் கிடந்தார். மாடியில் இருப்பது ஒரே அறை. கீழே அவருடைய தோல் பட்டறை, இன்றைக்கு மெஷின் சத்தம் இல்லாமல் கிடந்தது. காலையில் கண் விழித்தவர் கேட்டது கஞ்சி அல்ல, மருந்து அல்ல. "அத ஒரு வாய் போட்டுத் தாயேன்." அவ்வளவுதான். அதைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கியது.

"வாய்ல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் மனா பண்ணிருக்காங்கல்ல?" என்றான் அண்ணன் தப்ரேஸ். "நெஞ்சுக்குள்ள போச்சுன்னா?"

"ஒரு ஸ்பூன்தான் காக்கா."

டாக்டர் என்ன சொன்னார் என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். நேற்று ஆஸ்பத்திரியில் அந்த மனிதர் உம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் டிகிரி முடித்தவள் இவள் ஒருத்தி என்று மோப்பம் பிடித்தவர் மாதிரி, இவளிடம் இங்கிலீஷில் கொட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இன்றோ நாளையோ, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். படிக்க வைத்ததற்கு இதுதான் பலனா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "என்ன சொன்னாரும்மா?" என்று உம்மா கேட்டபோது, "வீட்டுல வச்சே பாத்துக்கலாங்காரு" என்றாள். உம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தத் தேயிலை வீட்டுக்குள் வந்த கதையும் இவளுடைய இங்கிலீஷில்தான் தொடங்கியது. ஒரு தேயிலைக் கம்பெனி பரிசுப் பெட்டிக்கு வாப்பாவிடம் தோல் உறை தைக்கக் கொடுத்தது. அளவு பார்க்க அவர்கள் அனுப்பிய டப்பா ஒன்று பட்டறையிலேயே தங்கிவிட்டது. திறந்தால் வெள்ளை ரோமம் படர்ந்த மொட்டுகள். எலிக்குட்டி வால் மாதிரி இருக்கிறது என்று தப்ரேஸ் சிரித்தான். உள்ளே இருந்த தாளைப் பத்தாம் வகுப்பு சாதியா வாசித்துச் சொல்ல, வாப்பா ரஹ்மத்துல்லா உட்கார்ந்து கேட்டார். முதல் தடவை பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அடுத்த தடவை கசந்தது. விடாமல் போட்டுப் பார்த்ததில் ஒரு நாள், வெயிலில் காய்ந்த வைக்கோலும் வெள்ளரிப்பழமும் கலந்தாற்போல் ஒரு வாசனை எழும்பியது. வாப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் இரண்டு கண்ணாடி டம்ளர்; டப்பா தீர்ந்தால் அந்தக் கம்பெனியிலேயே கேட்டு நிரப்பி வருவார். குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது, உப்பு. அதற்கென்று ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி டப்பாவின் பக்கத்திலேயே வைத்திருப்பார்.

"தண்ணியக் காசு குடுத்து வாங்கி வெந்நி போட்டுக் குடிக்காக வாப்பாவும் மவளும்," என்பாள் உம்மா மர்யம். அவளுக்கு டீ என்றால் பாலும் இஞ்சியும் சேர்ந்து பொங்க வேண்டும். அந்த டம்ளரை அவள் ஒரு தடவைகூட உதட்டில் வைத்ததில்லை.

சாதியா இன்றைக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பாட்டிலை, அந்தச் சின்ன பாட்டிலைத்தான் எடுத்திருந்தாள். வாப்பாவின் முறைப்படி முதல் கொஞ்சத்தில் டம்ளரைச் சூடாக்கி, அதைத் தொட்டியில் கொட்டினாள். மீதியை மொட்டுகளின் மேல் ஊற்றினாள். அவை மிதந்தன, பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்து இறங்கின. ஆனால் நிறம் சரியாக வரவில்லை. இளம் வைக்கோல் நிறம் வர வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு பழுப்பு. முகர்ந்து பார்த்தாள். வாசனை எழும்பவே இல்லை. இன்னொரு தடவை போடலாம் என்று பார்த்தால், டப்பாவில் தூசிதான் மிச்சம்.

கொண்டுபோனாள். தப்ரேஸ் தலையைத் தூக்கிப் பிடிக்க, ஒரு ஸ்பூன் விட்டாள். எப்போதும் போல் அவர் உடனே விழுங்காமல் நாக்கில் நிறுத்தி வைத்தார். நெற்றி சுருங்கியது.

"தண்ணி சரியில்லம்மா."

வேறு எவர் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பாள். "வேற போட்டுத் தாரேன் வாப்பா," என்றாள். எதை வைத்துப் போடுவது?

அதற்குள் அவருடைய மூச்சின் போக்கு மாறிவிட்டது. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில் இடைவெளி. புறநகர் நெருளிலிருந்து வந்திருந்த வாப்பாவின் தங்கை ஹாஃபிஸா மாமி கலிமா சொல்லிக்கொண்டே எழுந்தாள். "மேக்கால கிப்லா பாத்துத் திருப்புங்க. மைனி, ஜம்ஜம் எங்க?"

போன வருஷம் உம்ரா போனபோது மக்காவிலிருந்து மாமி சுமந்து வந்த ஜம்ஜம் தண்ணீர். மூச்சு அடங்கும் நேரத்தில் அதில் ஒரு சொட்டாவது தொண்டையை நனைக்க வேண்டும். அதற்காகவே உம்மா அதை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிப் பரண் மேல் பொத்தி வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் இன்று விடியற்காலையில் அதைக் கீழே இறக்கி, கைக்கு எட்டுகிற இடத்தில், தேயிலை டப்பாவின் பக்கத்தில் வைத்தாள். எதற்கு இறக்கினாய் என்று மகள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

மர்யம் போய்க் காலிப் பாட்டிலை எடுத்தாள். அதைப் பார்த்தாள். மகள் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். தொட்டியில் கொட்டிய முதல் தண்ணீர் சாதியாவின் கண் முன்னால் ஓடியது. அறையே வெடிக்கிற அளவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

உம்மா டம்ளரை வாங்கிக்கொண்டாள். "பிஸ்மில்லா," என்று ஒரு ஸ்பூன் விட்டாள்.

"என்ன மைனி, கலரா இருக்கு? ஜம்ஜம்லயா டீ போட்டிய?"

"அவுக கேட்டாக," என்றாள் மர்யம். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீங்க விடுங்க. உங்க காக்காவுக்கு நேரமில்ல."

மாமி விட்டாள். தப்ரேஸ் விட்டான். கடைசியில் சாதியா விட்டது உள்ளே இறங்கவில்லை. வாயோரமாக வழிந்து தலையணையில் ஒரு பழுப்பு வட்டமாகப் பரவியது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவிப்பாக வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள். சந்தில் அவரைச் சுமந்து போகும் சந்தூக்குப் பெட்டி வந்து நின்றது. அதை மேலே ஏற்ற வழியில்லை. மாடிக்கு இருப்பது செங்குத்தான இரும்பு ஏணி. வாழ்நாளெல்லாம் அவர் ஏறி இறங்கிய ஏணியில், தப்ரேஸும் பட்டறை ஆட்களும் போர்வையில் சுற்றி அவரைத் தோளில் சாய்த்து இறக்கினார்கள். ஒருவர் கால் வழுக்கியது. மேலே இருந்து கை நீட்டிய சாதியாவை, "பொம்பளப்புள்ள தள்ளி நில்லு," என்று ஒரு பெரியவர் அதட்டினார். தள்ளி நின்றாள். பட்டறையில் குளிப்பாட்டி வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்குத் தூக்கினார்கள். ஏணியின் மேல்படியிலிருந்து அவளுக்குத் தெரிந்தது தொப்பிகள் மட்டும்தான். சந்து வளைந்ததும் அதுவும் தெரியவில்லை.

அறையில் மாமி குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் அந்த டம்ளர் பாதி நிறைந்து, ஆறி, அப்படியே இருந்தது. சாதியா அதை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். ஒரு கையால் குழாயைத் திறந்தாள்.

"கொட்டாத."

பின்னால் உம்மா நின்றுகொண்டிருந்தாள். ஜம்ஜமைச் சாக்கடையில் விடக் கூடாது. சாதியா டம்ளரை நீட்டினாள். காலையில் கொட்டியதைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள்.

மர்யம் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஜம்ஜம் குடிக்கும் முறைப்படி நின்றபடியே, கிப்லாவைப் பார்த்துத் திரும்பினாள். பிஸ்மில்லா சொல்லிக் குடித்தாள். உடனே விழுங்கவில்லை. நாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தாள். பிறகு மீதியையும் குடித்தாள்.

அடியில் ஊறி விரிந்த மொட்டுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. உம்மா அவற்றை விரலால் வழித்தெடுத்து, ஒன்று விடாமல் வாயில் போட்டு, மெல்ல மெல்ல மென்றாள். திறந்த குழாயில் உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.