ஒன்பதில் ஒருவர் போக

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. தலைவர் நான்தான். பெயர் ஆறுமுகம், பால்மரக் காட்டில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கோலாலம்பூரில். திருவிழாவன்று அம்மன் கழுத்திலிருந்து கழற்றிய முதல் மாலை என் கழுத்தில் விழும். வருஷம் முழுக்க நான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதே அதற்காகத்தான்.

அதற்குக் குறுக்கே வந்து நின்றவன் மணியம். சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். பாதிச் சனம் தோட்டத்தை விட்டு, புதுக் குடியிருப்பான தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டதாம், ஆகவே தேரும் தாமான் பக்கம் போக வேண்டுமாம். தேர் என்றைக்கும் போல தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றித்தான் வரும், அம்மன் என்ன வீடு பார்க்கவா கிளம்புகிறாள் என்று கேட்டேன். கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டமும் அதே மாதிரிதான். கமிட்டியில் முக்கால்வாசி என் பக்கம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதெல்லாம் நடந்தது எண்பத்தெட்டில். அந்தச் சமயம் பார்த்து ராக்கம்மாவின் மகன் சந்திரன் லீவில் வந்தான். ராக்கம்மா கமிட்டியில் அன்னதானம் பார்ப்பவள். பையன் ஐரோப்பாவில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான். படித்துவிட்டு வருகிறவருக்குப் பொன்னாடை போர்த்தி நாலு வார்த்தை பேசச் சொல்வது எங்கள் கோயில் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேச வைத்தேன்.

பையன் பேசியது பாதரசத்தைப் பற்றி. அணுவுக்குள்ளே கரு இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாதாம். லேசர் வெளிச்சத்தைக் காட்டி, எந்த நிறத்தை அணு வாங்கிக்கொள்கிறது என்று பார்ப்பார்களாம். அந்த நிறம் ஒரு துளி நகர்ந்தால் உள்ளே கருவின் உருவம் மாறிவிட்டது என்று அர்த்தமாம். தாம்பாளத்திலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினான். கரு இப்படி உருண்டையாக இருக்கும், அதில் நியூட்ரான் என்கிற ஒன்று குறைந்தால் போதும், நீளமாகிவிடும் என்று மாம்பழத்தை எடுத்தான். இன்னொன்று குறைந்தால் மறுபடி எலுமிச்சம்பழம். அம்மனுக்கு வைத்ததைத் தொடாதே என்று ராக்கம்மா அதட்டினாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்ப ஒத்தப்படைன்னா கோணிக்கும், ரெட்டப்படைன்னா சரியாயிடும். அப்படித்தானே தம்பி?"

பாதரசத்தில் மட்டும், அதுவும் சில எண்ணிக்கைகளில் மட்டும் என்று அவன் இழுத்தான். அதெல்லாம் யார் காதில் ஏறும்? நாங்கள் ஒன்பது பேர், ஒத்தைப்படை, அதனால்தான் இந்தக் கோணல், ஒருத்தர் விலகினால் எல்லாம் உருண்டையாகிவிடும் என்று அங்கேயே எழுந்து சொன்னேன். விஞ்ஞானமே சொல்லும்போது மறுக்க முடியுமா? மணியம்கூடத் தலையாட்டினான். முட்டாள், தன் தலை உருளப் போவதற்குத் தானே தலையாட்டுகிறான் என்று எனக்கு உள்ளூர ஒரே குதூகலம்.

யார் விலகுவது என்று சீட்டு எழுதிப் போட்டோம். ராக்கம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதல் சீட்டில் ஆறுமுகம். இரண்டாவதிலும் ஆறுமுகம். அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது, பெயர் மட்டும் மாறவில்லை. ஒரே ஒரு சீட்டில் மணியம் என்று இருந்தது. அது நான் எழுதியது.

கமிட்டி ஒற்றுமையாக எடுத்த முதல் தீர்மானம் அதுதான். தீர்மானம் கொண்டுவந்தவனும் நானே.

வெளியே வந்து மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. தேர் தாமானுக்குப் போவது அதற்குள் முடிவாகியிருக்கும். மாலை யாருக்கு என்பதும்தான். இத்தனை வருஷம் அந்தக் கோயிலைக் கட்டிக் காத்தவன் நான், ஒருத்தராவது பின்னால் வந்து கூப்பிட வேண்டாமா?

சந்திரன்தான் வந்தான், பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஒண்ணு வெளிய போனா மத்ததெல்லாம் உருண்டை ஆயிடும்னியே. வெளிய போனது என்னா ஆவும்?"

அவன் யோசித்தான். படித்த பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது.

"கூட்டத்தோட உள்ள இருக்கற வரைக்கும் நியூட்ரான் நல்லாத்தான் இருக்கும் மாமா. தனியா வெளிய வந்துட்டா தாங்காது லா. கால் மணி நேரம், அவ்வளவுதான். அப்புறம் செதஞ்சிரும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

கோயிலுக்குள் யாரோ சொன்னதற்கு எட்டுப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.