முற்றாத ஏழு வருடம்

அகராதிக் குழு ‘முற்றுகை’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாக “எதிரிப்படை நகரை முற்றுகையிட்டது” என்று எழுதிய மறுநாள் காலை, எதிரிப்படை வந்து நகரை முற்றுகையிட்டது. சிப்பாய்கள் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். அதற்கும் குழுதான் காரணம். மேற்கத்திய மொழி ஒன்றில் முற்றுகையைக் குறிக்கும் சொல்லுக்கு வேர் ‘உட்காரும் இடம்’ என்று எங்கோ படித்துவிட்டு, தலைமைப் பதிப்பாசிரியர் அதைச் சொல் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். படித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவரால் முடியாது. ஆகவே படை சுடவில்லை, சுவர் ஏறவில்லை. எல்லாச் சாலைகளையும் மறித்து நாற்காலியை விரித்து உட்கார்ந்தது.

நகரம் நடுங்கியது, குழு பூரித்துப்போனது. எடுத்துக்காட்டுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாம். பிறகு பொருள் எழுத உட்கார்ந்தார்கள். ‘முற்று’ என்றால் வளைத்தல், அதுதான் முதலில் வரவேண்டும் என்றார் ஒரு புலவர். முதிர்தல்தான் மூத்த பொருள் என்றார் இன்னொருவர். இரண்டு வருடம் கழித்து, சொல்லின் கடைசியில் இருக்கும் ‘கை’ உடம்பிலுள்ள கையா, வெறும் விகுதியா என்று ஆரம்பித்தார்கள். வருகை, செய்கை என்று இரண்டு சொல் சொன்னால் பள்ளிப்பிள்ளைக்கு விளங்கிவிடும். இவர்களுக்கு விளங்க மூன்று உட்குழுக்கள் தேவைப்பட்டன. அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது: எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை அட்டையில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது, அரைப்புள்ளியோடு நிறுத்த வேண்டும். அந்த அட்டை ஏழு வருடம் அரைப்புள்ளியோடு கிடந்தது.

அந்த ஏழு வருடமும் நகருக்குள் எதுவும் முற்றவில்லை. வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் முனையை ஒடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அது ஒன்றுதான் லாபம். கதிர் பால்பிடித்தபடியே நின்றது. ஜனங்கள் பிஞ்சையும் கீரையையும் தின்று எலும்பும் தோலுமானார்கள். தெருச் சண்டைகள்கூட ‘நீ யாருடா?’ என்பதைத் தாண்டவில்லை. புலவர்களின் தொப்பை மட்டும் எப்படியோ வாடவில்லை, அதை யாரும் ஆராயவுமில்லை.

குழுவின் தட்டச்சுக்காரி படை வந்த அன்று எட்டு மாதக் கர்ப்பிணி. ஏழு வருடமும் அவளுக்கு எட்டாவது மாதம்தான். அதே வயிற்றைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்தின் நாற்பது படிகளை ஏறி இறங்கினாள். வெளியூர் போயிருந்த புருஷன் நாற்காலிகளுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். வீட்டில் துணைக்கு இருந்தது அவனுடைய அக்கா, தையல்காரி. வாய் நீளம், இல்லாத குறையையும் கண்டுபிடித்துச் சொல்வாள். ஆனால் தன் தட்டிலிருந்து பாதியைத் தம்பி பெண்டாட்டியின் தட்டில் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடுவாள். தையல் மெஷினை மிதித்தபடி நாள் முழுக்க அந்த வயிற்றோடு பேசிக்கொண்டிருப்பாள். அவளுடைய மார்பில் ஒரு கட்டி இருந்தது. முற்றினால் ஒரு வாரம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் முற்றவில்லை.

ஏழாம் வருடம் ஒரு நாள் பதினொரு மணிக்கு, ஒரு ஈ பறந்து வந்து அந்த அட்டையில் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில், முற்றுப்புள்ளி வைத்ததுபோல, உட்கார்ந்தது. தட்டச்சுக்காரி சாப்பாட்டுக்கு வைத்திருந்த வெண்டைக்காய் பைக்குள்ளேயே விறகாயிற்று. ஜன்னலுக்கு வெளியே அத்தனை சிப்பாய்களும் நாற்காலியைவிட்டு எழுந்தார்கள். அவளுக்கு இடுப்பில் வலி வெட்டியது. ஈ பறந்ததும் சிப்பாய்கள் உட்கார்ந்தார்கள், வலி நின்றது. புலவர்கள் விகுதியிலிருந்து தலை தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தையல்காரி மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “பதினோரு மணிக்கு ஒரு வலி வலிச்சுது பாரு, உசுரே போய்ட்டு வந்துச்சு.” தட்டச்சுக்காரி ஈயைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அழுகை காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு தையல்காரி ஊசியில் நூல் கோத்தாள்.

“அப்ப புள்ளிய வெச்சுட வேண்டியதுதானே?”

“வெச்சா நீங்க போயிடுவீங்கக்கா.”

“நான் இருக்கறதுக்காக அது உள்ளயே கெடக்கணுமா? ஏழு வருஷமா சாகாம இருந்ததுக்கு எனக்கென்ன மாலையா போடப் போறாங்க?”

“என்னால முடியாதுக்கா.”

“ஒரு ஈ செஞ்ச வேலைய உன்னால செய்ய முடியலேன்னா, நீ என்னத்த வேலைக்குப் போற?”

பன்னிரண்டு நாள் அவளால் முடியவில்லை. பெற்ற தாயைவிட அதிகமாக அவள் அந்தக் கடுகடுத்த மனுஷியை நேசித்தாள். பதின்மூன்றாம் நாள் காலை, வயிற்றுக்குள் அசைவு குறைந்திருந்தது. அவள் படியேறிப் போய், ஒரு புது அட்டையில் வளைத்தல், முதிர்தல், முடிதல் மூன்றையும் காற்புள்ளி போட்டு வரிசையாக அடித்தாள். பிறகு அழுதுகொண்டே முற்றுப்புள்ளி வைத்தாள். ஏழு வருட ஆராய்ச்சி அரை நிமிடத்தில் முடிந்தது.

படை நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டது. கதிர்கள் ஒரே மத்தியானத்தில் முற்றித் தலை சாய்ந்தன. அந்த இரண்டு புலவர்களின் தகராறும் அன்றுதான் முற்றியது. அது எந்தக் கை என்பது இருவர் கன்னத்திலும் தெளிவாகப் பதிந்தது. அனுமதியில்லாமல் முடித்த குற்றத்துக்காகத் தட்டச்சுக்காரியை வேலையைவிட்டு நீக்கும் தீர்மானத்தில் மட்டும், வீங்கிய கன்னத்தோடு, இருவரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் பிள்ளை பிறந்தது. பெண். எடை மற்ற பிள்ளைகளின் எடைதான், ஆனால் வாய் நிறையப் பல் இருந்தது. மருத்துவச்சி துடைத்துக் கொடுப்பதற்குள் அது தையல்காரியின் பக்கம் முகத்தைத் திருப்பி, “அத்த, அந்தக் காலரப் பிரிச்சுத் தெச்சியா?” என்று கேட்டது. “எங்கடி தெச்சேன், துணி பத்தல” என்றாள் தையல்காரி. மூன்று நாள் இருவரும் ஓயாமல் பேசினார்கள். தையல்காரிக்கு மூச்சு வாங்கியபோது பிள்ளை பேசியது. பெற்றவள் பால் கொடுக்கக்கூட இடையில் புக வேண்டியிருந்தது.

நாலாம் நாள் தையல்காரி செத்துப்போனாள். தம்பி அன்று மத்தியானம்தான் ஊர் வந்து சேர்ந்தான். நாலு நாள் பிள்ளை அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு, அவள் பட்ட பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, பெரிய மனுஷியைப்போல அழுதது. “ஏழு வருஷப் பழக்கமாச்சே, அழாதா பின்னே?” என்று சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களும் அதோடு உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள்.