முட்டையின் மேல்பக்கம்

எனக்குக் கைராசிக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. நானாகச் சூட்டிக்கொண்டதில்லை. பறவைப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். நான் தொட்ட முட்டை பொரிக்காமல் போகாது என்று மிருகக்காட்சிசாலை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை, யார்தான் மறுப்பார்கள்? அந்தப் பெயரை நம்பித்தான், குள்ள முதலைகளைப் பார்த்துவந்தவர் ஓய்வுபெற்றதும் என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள்.

குள்ள முதலை ஒரு ஆள் நீளத்துக்கு மேல் வளராது. பகலெல்லாம் பொந்தில் பதுங்கிக் கிடக்கும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. பெண்ணுக்கு மாமியார் என்று நான்தான் பெயர் வைத்தேன். இலைதழையைக் குவித்து மேடு கட்டி முட்டையிட்டுவிட்டால் யார் வந்தாலும் முறைப்பாள், சீறுவாள், இடத்தை விட்டு அசையமாட்டாள். புருஷன்காரன் குளத்தின் மறுகோடியில் மூச்சு விடாமல் கிடப்பான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

முட்டைகளை அந்த மேட்டில் விட்டுவைப்பதில்லை. சூடு கூடினாலும் குறைந்தாலும் கெட்டுவிடும் என்று இன்குபேட்டர் பெட்டிக்கு மாற்றுவோம். பறவை முட்டையை ஒரு நாளைக்கு ஐந்து தடவை திருப்பிவைக்க வேண்டும். முதலை முட்டை மேட்டில் எப்படிக் கிடந்ததோ அப்படியேதான் பெட்டியிலும் கிடக்க வேண்டும். அதற்காக, எடுப்பதற்கு முன்பே மேல்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடுவோம். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் எல்லாக் கோடும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் முதல் வருடம் பதின்மூன்று முட்டையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அடுத்த வருடம் பதினொன்று, அதுவும் போச்சு. மிருக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா உடைத்துப் பார்த்தார். எல்லாமே ஆரம்பத்திலேயே செத்திருந்தன. ‘தாய்க்கு வயதாகிவிட்டது, கரு தங்குவதில்லை’ என்று பதிவேட்டில் எழுதினார். மாமியாரை வேறொரு காட்சிசாலைக்குக் கொடுத்துவிட முடிவானது. அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி மட்டும்தான்; துணை கிடையாது, மேடு கட்ட ஒரு கைப்பிடி இலைகூடப் போடமாட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பழி என் தலையில் விழவில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, மறைப்பானேன்.

வண்டி வர பத்து நாள் இருக்கும்போது மாமியார் மறுபடி பன்னிரண்டு முட்டை இட்டாள். அவள் பாய்வதற்குள் அவசர அவசரமாகக் கோடு போட்டு, பெட்டிக்கு மாற்றினேன். ஒரு வாரம் கழித்து எடை பார்க்கும் நாள் வந்தது. வழக்கமாக அது என் வேலை.

“இந்தத் தடவை நானே பார்க்கிறேண்ணே. நீங்க எழுதுங்க” என்றார் டாக்டரம்மா.

தளும்பத் தளும்ப டீ ஊற்றிய கிளாஸைத் தூக்குகிற மாதிரி முட்டையை நேராகத் தூக்கித் தராசில் வைத்தார். அப்படியே நேராகத் திரும்ப வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அடியில விரிசல் இருக்கான்னு பார்க்கலையா?”

“அதுக்குத்தான் இந்தக் கண்ணாடி. கீழ பிடிச்சாத் தெரிஞ்சிடும். முட்டையைத் திருப்பினா அவ்வளவுதான். கரு மேல் ஓட்டோட ஒட்டிட்டு இருக்கும். ஒரு தடவை புரண்டாலே பிஞ்சிடும்.” குனிந்தபடியே கேட்டார்: “எடையை எழுதிட்டீங்களா?”

எழுதவில்லை. இரண்டு வருடமும் எடை பார்க்கும்போது ஒவ்வொரு முட்டையையும் விரலுக்கு நடுவில் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கோடு மேலே வருகிற மாதிரி பத்திரமாக வைத்தவன் நான். பறவைப் பிரிவுக்காரன் எவனும் அப்படித்தான் பார்ப்பான். பெட்டியில் கிடக்கும்போதுதான் முட்டை புரளக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு குட்டிகளையும் என் கையாலேயே கொன்றிருக்கிறேன்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். சொன்னால் மெமோ வரும், அது தொலையட்டும். இருபத்தாறு வருடப் பெயர் ஒரே நாளில் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த முட்டைகள் பொரிக்க மூன்று மாதம் ஆகும்; மூன்றே நாளில் மாமியார் வண்டி ஏறிவிடுவாள்.

“வாயில்லா ஜீவன் மேல பழியைப் போட்டுட்டு உங்களால எப்படிங்க தூங்க முடியும்?” என்றாள்.

“அதுக்கு வாய்தான் பெருசு. நீ பார்த்ததில்ல.”

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவின் அறைக்குப் போய், நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து பிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

“ரெண்டு வருஷமாண்ணே?”

“ஆமாம்மா.”

“நானும் ஒரு நாள்கூடப் பக்கத்துல நின்னு பார்க்கலையே.” பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். “நீங்களே எழுதுங்க. இனிமே முட்டையைத் தொடக்கூடாது.”

அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘தாயிடம் குறை இல்லை. முட்டைகளைச் சுற்றியது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டி வரவில்லை. மெமோ வந்தது. பறவைப் பிரிவு ஆட்கள் என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். மாமியார் மட்டும் எதுவும் தெரியாமல் அந்தக் காலி மேட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். தினமும் அந்த வழியாகக் கூட்டிப் பெருக்கும்போது அவளை ஏறிட்டுப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், பெட்டிக்குள்ளிருந்து குரல் கேட்டது. ஓட்டுக்குள் இருந்தபடியே குட்டிகள் கூப்பிட்டன. டாக்டரம்மா மாமியாரைத் தடுப்புக் கதவுக்கு அப்பால் அடைத்துவிட்டு, இரண்டு முட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மேட்டின் மேல் வைத்தார்; வெளியே வந்து கதவைத் திறந்துவிட்டார். மாமியார் ஓடிவந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு முட்டையை வாயில் கவ்வித் தலையை நிமிர்த்தினாள். பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் அதை இப்படியும் அப்படியும் உருட்டத் தொடங்கினாள்.

“ஐயோ, உருட்டுறாளே!” என்று கத்திவிட்டேன். கம்பியைத் தாண்டிப் போகக்கூடப் பார்த்தேன்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “குட்டி முழுசா வளர்ந்தாச்சு, இப்போ உருட்டலாம்ணே. அவளுக்குத் தெரியும்.”

ஓடு விரிந்தது. அந்தப் பெரிய வாய்க்குள்ளிருந்து ஒரு சாண் நீளத்தில் ஒரு குட்டி எட்டிப்பார்த்து, மறுபடி கூப்பிட்டது. நான் வாய்விட்டு அழுதேன்.