யாரு விடணும்?

லிஃப்ட் மெக்கானிக் பெரும்பாலும் லிஃப்டுக்குள் நின்று வேலை செய்வதில்லை. அதன் கூரைமேல் ஏறி நின்று செய்வார். ஏறியதும் முதல் காரியம், அங்கே இருக்கும் ஒரு சுவிட்சைத் திருப்புவது. திருப்பிவிட்டால், கீழே யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பெட்டி அசையாது. அண்ணனுக்கு இந்த வேலைதான். ஒரு நாள் அவன் அதைத் திருப்ப மறந்துவிட்டான். யாரோ பொத்தானை அழுத்த, பெட்டி அவனைத் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பியது. கூட வேலை செய்பவர் பாய்ந்து மின்சாரத்தை நிறுத்தினார். அப்போது அவன் தலைக்கும் மேலே இருந்த இரும்பு உத்தரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அன்று அவன் காலையிலேயே குடித்திருந்தான்.

கூட வேலை செய்பவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு ஏற்றபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துகிறவள் அவள். பொருந்தாவிட்டால் எங்கே இடிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் தேய்ப்பாள். அண்ணன் விஷயத்தில் எங்கே தேய்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மருந்துக் கடைச் சுவரில், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றின் எண் ஒட்டியிருந்தது. மறுநாளே கூப்பிட்டாள். எடுத்தவர் தச்சு வேலைக்காரர். தாமே குடித்து, விட்டவர்.

"சொல்லுங்கம்மா."

"குடியை விடணும்."

"ரொம்ப நல்லதும்மா. ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கீங்களா?"

"ஆமாங்க. வெளிய சொல்லத்தான் வாய் வரல."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடுங்க."

நம் பேச்சில் 'விடணும்' என்றால் போதும். யார் என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்பவர் ஊகித்துக்கொள்வார். அண்ணனும் வருஷக்கணக்காக 'விட்டுடணும், விட்டுடணும்' என்றுதான் சொல்லிவந்தான். அதில் 'நான்' என்று ஒரு சொல்லை ஒரு நாளும் சேர்த்ததில்லை. வெட்கத்தில் தங்கையும் யாரென்று சொல்லவில்லை. தச்சரும் நாகரிகம் கருதிக் கேட்கவில்லை.

"சும்மா வந்து என்னன்னு பாருண்ணா" என்றாள் அண்ணனிடம். அவன் கெஞ்ச வைத்துவிட்டு, "சரி, உன்னைத் தனியா எப்படி அனுப்புறது?" என்று சட்டையை மாட்டினான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறை. வாசலிலேயே தச்சர் நின்றிருந்தார்.

"வாங்கம்மா, போன் பண்ணது நீங்கதானே? இது விடணும்னு நெனைக்கிறவங்க மட்டும் உட்கார்ற கூட்டம். கூட வந்தவரு அந்த பெஞ்சில இருக்கட்டும்."

தங்கை வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "ஆமாங்க, என் தங்கச்சி. நல்ல பொண்ணுதான், சேர்க்கை சரியில்ல. பாத்துக்கங்க."

"அண்ணா!"

"போம்மா, போ. அண்ணன் இங்கேயே இருக்கேன்."

உள்ளே நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது; பேசியவருக்கு யாரும் புத்தி சொல்லவும் கூடாது. புத்தி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்தான் அங்கே வருகிறார்கள் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. ஒவ்வொருவரும் 'நான்' என்று தொடங்கித் தன்னைப் பற்றி மட்டுமே பேசினார்கள். தங்கையின் முறை வந்தது.

"நான் குடிக்கிறதில்லைங்க" என்றாள்.

எதிரே இருந்த பெரியவர் பரிவோடு தலையசைத்தார். அந்த அறையில் எல்லாரும் ஒரு காலத்தில் சொன்ன வாக்கியம் அது.

"ஐயோ, நிஜமாவேங்க. வெளிய உட்கார்ந்திருக்காரே, அவருதான்."

தச்சர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். "கேக்காம விட்டது என் தப்பும்மா. இப்பவே கூப்பிடுறேன். ஆனா அவரு வாயாலதான் வரணும். அவருக்காக நீங்க சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது."

தச்சர் கூப்பிட்டுப் பார்த்தார். "எனக்கா?" என்று அண்ணன் சிரித்தான். "நல்லா இருக்கே கதை! குடிக்கிறவங்க எல்லாருமே அடுத்தவனைத்தாங்க கைகாட்டுவாங்க."

பக்கத்து அறையில் குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம் நடந்தது. தங்கை அதில் போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் போனாள். அண்ணனே ஞாபகப்படுத்தினான்: "கிளம்பலையா? கூட்டத்துக்கு நேரமாச்சு." எதிர்வீட்டு அக்காவிடம், "தங்கச்சி இப்ப எவ்வளவோ தேவலைக்கா" என்று அவன் சொல்வது அவள் காதில் விழுந்தது. மறுத்துச் சொல்லலாம். சொன்னால் அந்த பெஞ்ச் வரைக்கும்கூட வரமாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

அன்று குடும்பத்தார் கூட்டம் முடிந்து அவள் வெளியே வந்தபோது, தச்சர் பெஞ்சில் இருந்தவனுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். டம்ளரில் பாதிதான் இருந்தது. கை நடுங்குபவர்களுக்கு அங்கே பாதிதான் ஊற்றுவார்கள். முழுதாக ஊற்றினால் சிந்தும், சிந்தினால் அவர்கள் கூசிப்போவார்கள். அண்ணன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"என்னங்க, அரை டம்ளர்? இவ்வளவு கஞ்சத்தனமா?"

"மீதி உள்ள இருக்கு. வந்து குடிங்க."

அண்ணன் திறந்திருந்த கதவைப் பார்த்தான். வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"இன்னொரு நாள் பாக்கலாங்க" என்று எழுந்தான். "காலையில சீக்கிரம் போகணும். பன்னெண்டு மாடி லிஃப்ட், மேல ஏறிப் பாக்குற வேலை."