சும்மாட்டில் இறங்கிய டிஸ்க்

இரண்டாவது இறக்கத்திலேயே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தங்கராஜ் பின்தங்கிவிட்டான். முன்னால் பூவாயி போய்க்கொண்டிருந்தாள். தலையில் துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு, அதன் மேல் கம்பளியில் சுற்றிய செங்கல் அளவு பெட்டி. மழையில் பாசி பிடித்த ஒற்றையடிப் பாதை. கல்லுக்குக் கல் அவள் இடுப்பு இறங்கி ஏறியது. கழுத்துக்கு மேல் எதுவும் அசையவில்லை.

பெட்டிக்குள் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க். மலையில் ஒண்டிக்கடை ஊருக்கு மேலே இருக்கும் காப்பி எஸ்டேட் ஆபீஸில் அப்படி இரண்டு இருந்தன. எந்திரத்துக்கு உள்ளே ஒன்று, அதன் நகலோடு வெளியே ஒன்று. உள்ளே இருப்பது யார் கையும் படாமல் நெடுநாள் உழைக்கும், வெளியே இருப்பது தூக்கித் தூக்கியே சீக்கிரம் சாகும் என்று அடிவாரத்து மெக்கானிக் லூர்துராஜ் சொல்லியிருந்தார். ஆனால் தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆனி மாத இடியில் உள்ளே இருந்ததுதான் முதலில் கருகியது. வெளியே இருந்ததைத் தங்கராஜ் மேசையிலிருந்து ஒரு தரம் தவறவிட்டான். அன்றிலிருந்து அது கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு குலுக்கல் தாங்காது. நகல் எடுக்கும் சாமான் எல்லாம் லூர்துராஜ் வீட்டில்தான்.

பழைய ஆஜர் புத்தகங்களில் இருந்த வருகைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு அவற்றைக் கரையான் தின்றாயிற்று. தற்காலிக ஆட்கள் எத்தனை வருஷம் உழைத்தார்கள் என்பதற்கு அந்த டிஸ்க் ஒன்றுதான் சாட்சி. அது செத்தால் எல்லோருக்கும் இந்த வருஷத்திலிருந்துதான் சர்வீஸ், பர்மனென்ட் பேச்சும் இல்லை என்றார் மேனேஜர். சொன்னபோது முகத்தில் வருத்தம் இல்லை. ஜீப்பும் தரவில்லை. மலை பஸ் என்றால் முதல் வளைவிலேயே கதை முடிந்துவிடும். தற்காலிக ஆளான பூவாயிக்குப் பதினொரு வருஷ சர்வீஸ். அவளே வந்து கேட்டாள்.

"வேரு மண்ணு உதிராம நாத்துக்கூடை எறக்குறவளுக்கு இது ஒரு பாரமுங்களா? இங்க குடுங்க."

பாதி வழியில் பூவாயியின் காலடியில் கல் உருண்டது. தங்கராஜுக்கு உயிர் போய் வந்தது. அவள் ஒரு காலை மடக்கிக் குந்தினாள். பெட்டி நேராகக் கீழே போய் நேராக மேலே வந்தது. மறுபடி நடந்தாள். முட்டி கிழிந்து சேலையில் ரத்தம் ஊறியிருந்ததை அவன் அடிவாரத்தில்தான் பார்த்தான்.

லூர்துராஜ் வீட்டுக்குள் போய் மேசை முன் நின்றாள். தலைச்சுமைக்கு இன்னொருவர் கை கொடுத்துத்தான் இறக்க வேண்டும். எஸ்டேட்டில் ரைட்டர்கள் சுமை தொடுவதில்லை. தங்கராஜ் சும்மா நின்றான்.

"ஏனுங்க ரைட்டரே, பாத்துக்கிட்டே நின்னா அது தானா எறங்குமா? மூச்ச முழுசா வுட்டுட்டுப் புடிங்க."

மூச்சை விட்டான். இரண்டு பேரும் ஒன்றாய்க் குனிந்தார்கள். பெட்டி மேசையைத் தொட்ட சத்தம் கேட்கவில்லை.

டிஸ்க் அரைத்தது, நின்றது, மறுபடி அரைத்தது. நகல் முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு சொடக்குப் போட்டு ஓய்ந்தது. புது டிஸ்கிலிருந்து திரையில் பெயர்கள் ஏறின.

"இதுல என் பேரு எதுங்க?"

தங்கராஜ் தொட்டுக் காட்டினான். காப்பிக் கறை ஏறிய விரலை அவள் அந்த எழுத்துகளின் மேல் வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பெயர் இருந்தது. பதினொரு வருஷ சர்வீஸும் பர்மனென்ட் வேலையும் எஸ்டேட் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி.